மூன்று நாள் சென்னை: ஊரிலிருந்து வருகிறவர்களுக்காக

(நவம்பர் மாதப் பொதுக்கூட்டம் முடிந்தபின் நம் கம்யூனிட்டி ஹாலில் பி பிளாக்கில் வசிக்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் காலாண்டு மடலில் வெளியிடுகிறோம்.)



பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி, லிஃப்ட் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் களைத்திருக்கிறீர்கள். காபி வருகிறது. அது வரும்வரை பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னை அழைத்தார். டிசம்பர் வந்தால் இந்த நங்கநல்லூரில் பாதி வீடுகளில் விருந்தாளிகள். அவர்களை எங்கே கூட்டிப்போவது, என்ன வாங்கித் தருவது என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்றார். எனக்கும் இப்போது அதே கவலைதான்.

எனக்குச் சொந்த ஊர் பொட்டிப்புரம். தேனி மாவட்டத்தில் தேவாரத்துக்குப் பக்கம். நியூட்ரினோ ஆய்வகம் என்று பல வருடம் பேப்பரில் அடிபட்டதே, அந்த ஊர்தான். என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் பட்டு சென்னையில்தான் எடுக்க வேண்டும் என்று பெண் ஆசைப்படுகிறாள். அண்ணன் வரவில்லை, பையனுக்கு அரையாண்டுப் பரீட்சை, தோட்டத்துக்கும் தண்ணீர் பாய்ச்ச ஆள் வேண்டும். ஆக மதினி, கல்யாணப் பெண், மதினியுடைய அம்மா, அதாவது எனக்கு அத்தை முறை, மூன்று பேர் வருகிறார்கள். அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முழங்கால் வலி.

இது சும்மா சுற்றிப்பார்க்கிற பயணம் இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே இடுக்கிப் பக்க ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு வீட்டுக்கு வருவார்கள். மதினி அப்படிப் பல வருடம் போய்ச் சேர்த்த காசு இது. சேலைக்கு முப்பதாயிரம் என்று ஒதுக்கியிருக்கிறார். அந்த முப்பதாயிரம் முப்பத்தெட்டு ஆகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அத்தை இனி ஒருமுறை சென்னைக்கு வருவாரா என்று தெரியாது. அதனால் இந்த மூன்று நாளை உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு மன்னார்குடியிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ ஆள் வந்தால், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் தேதி. டிசம்பர் சென்னைக்கு நல்ல மாதம் என்று சொல்கிறோம். வெயில் குறைவு, சபாக்களில் கச்சேரி, கோயில்களில் அதிகாலை பூஜை. ஆனால் நல்ல காரியத்துக்கு வேண்டியதை மார்கழியில் வாங்க மாட்டோம் என்கிற வீடுகள் இன்னும் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். அதைப் போய் வாதாடி மாற்ற நான் தயாராக இல்லை. சரி, கார்த்திகையிலேயே வரச்சொல்லலாம் என்றால் மழை. 2015-ல் டிசம்பர் 1-ஆம் தேதி வெள்ளம். 2016-ல் டிசம்பர் 12 வார்தா புயல். 2023-ல் டிசம்பர் 3, 4 மிக்ஜாம். மூன்றுமே இந்தக் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தை பிறந்த பிறகு வரலாம் என்றால் கல்யாணம் தலைக்கு மேல் நிற்கும், ரவிக்கை தைக்கக்கூட நாள் இருக்காது.

காலண்டரை விரித்து வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன இடுக்கு தெரிகிறது. இந்த வருடம் மார்கழி 1, டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. 15-ஆம் தேதி திங்கள், கார்த்திகையின் கடைசி நாள். திங்களன்று சேலை எடுத்துவிட்டால் செவ்வாய் விடியற்காலை மார்கழி முதல் நாள் மயிலாப்பூரில் நிற்கலாம். வாங்குவது கார்த்திகையில், பார்ப்பது மார்கழியில். புயலுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாதுதான். இருந்தாலும் முதல் வாரத்தை விட மூன்றாவது வாரம் தேவலை. இன்னொரு லாபமும் உண்டு. பள்ளிக்கூட லீவு இன்னும் விட்டிருக்காது. இருபத்து நாலாம் தேதிக்கு மேல் பீச்சிலும் பூங்காவிலும் இருக்கிற கூட்டம் அப்போது இருக்காது.

ரயிலும் இதற்கு ஒத்துவருகிறது. எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் ரயிலை 2010-ன் கடைசியில் நிறுத்தினார்கள். அகலப்பாதை தேனிக்கு வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். இடையில் பத்துப் பன்னிரண்டு வருடம் ரயிலே இல்லை. இப்போது போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேர் ரயில் இருக்கிறது. கரூர், சேலம், காட்பாடி வழி, வாரத்தில் மூன்று நாள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவு எட்டரைக்கு அங்கே கிளம்பும், காலை எட்டு மணிவாக்கில் இங்கே வரும். திரும்பிப் போவது திங்கள், புதன், வெள்ளி இரவு பத்தரைக்கு. ஆக ஞாயிறு இரவு ஏறினால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் முழுசாகக் கிடைக்கும். இப்போது முன்பதிவு அறுபது நாளைக்கு முன்புதான் திறக்கிறது, பழைய நூற்றிருபது நாள் கணக்கு 2024 நவம்பரோடு போனது. நான் அக்டோபரிலேயே போட்டுவிட்டேன், அத்தைக்குக் கீழ் படுக்கை. இடம் கிடைக்காதவர்கள் பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும். நமக்கு அது கோயம்பேட்டை விடத் தூரம்தான்.

அடுத்தது, என்ன வாங்குவது என்பதற்கு முன்னால், என்ன வாங்கக் கூடாது.

ஊரில் கிடைப்பதை இங்கே வாங்கி மூட்டை கட்டித் தூக்கிப்போவதைப் போல வீண் வேலை இல்லை. கல்யாண அழைப்பிதழ் பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவில் பார்க்கலாம் என்று மதினி சொன்னார். அழைப்பிதழ் அச்சடிக்கச் சிவகாசி இருக்கிறது, அது தேனிக்காரர்களுக்குப் பக்கம். சொந்தக்காரப் பெண்களுக்கு வைத்துக் கொடுக்கிற பருத்திச் சேலை ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் தறியில் நெய்கிறார்கள். சுங்குடி வேண்டுமா, மதுரை. பட்டும் பருத்தியும் கலந்தது வேண்டுமா, சின்னாளப்பட்டி. ஏலக்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஏலமே போடியில் நடக்கிறது. நம்மூர்க் கடையில் அதைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு விற்கிற விலையைப் பார்த்தால் மதினி கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடுவார்.

நகையும் இங்கே வேண்டாம் என்பது என் கட்சி. இதில் உங்களில் பலர் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அன்றைய பவுன் விலை சென்னையில் என்ன சொல்கிறார்களோ அதுதான் தேனியிலும். வித்தியாசம் வருவது சேதாரத்திலும் செய்கூலியிலும். அதைப் பேசிக் குறைக்க உள்ளூர்க் கடைக்காரரிடம்தான் நமக்குச் செல்வாக்கு. தரத்துக்குப் பயப்படவும் வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருந்தாக வேண்டும். எழுத்தும் எண்ணும் கலந்து இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் என்கிற செயலியில் அடித்தால் அந்த நகை எங்கே சோதிக்கப்பட்டது, என்ன தரம் என்று வந்துவிடும். போடியில் வாங்கினாலும் பாண்டி பஜாரில் வாங்கினாலும் அந்தச் சோதனை ஒன்றுதான். பிறகு எதற்குப் பத்துப் பவுனை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் தூங்காமல் போவது? பின்னால் மாற்றவோ பழுது பார்க்கவோ வேண்டியிருந்தாலும் கடை பக்கத்தில் இருப்பதுதான் நல்லது.

ஆஸ்பத்திரியையும் இந்த மூன்று நாளில் சேர்க்காதீர்கள். வந்தது வந்தாயிற்று, ஒரு நல்ல டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரு டோக்கனில் ஒரு நாள் போய்விடும். கண்ணுக்குத் தேனியிலேயே அரவிந்த் இருக்கிறது, க. விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முழங்காலுக்கு என்று தனியாக வரட்டும், நான் கூட்டிப்போகிறேன்.

இதையெல்லாம் கழித்தால் மீதி நிற்பது பட்டு. அதற்கு மட்டும் சென்னை வரலாம். நூறு சேலையை ஒரே கூரையின் கீழ் விரித்துப் பார்க்கிற வசதி எங்கள் பக்கம் இல்லை. காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்தால் என்ன என்று எதிர் வீட்டு மாமி கேட்டார்கள். நான்கு நாள் இருந்தால் போகலாம். இங்கிருந்து போக இரண்டு மணி, வர இரண்டு மணி, முதல் நாள் இரவு ரயிலில் வந்த அத்தையோடு. மூன்று நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது.

கடை எது என்று கேட்காதீர்கள், பெயர் சொல்ல மாட்டேன். எப்படிப் போவது என்று சொல்கிறேன். அன்றைக்குத் திங்கள்கிழமை. ராகு காலம் ஏழரை–ஒன்பது, அதில் அவர்கள் சென்ட்ரலில் இறங்கிக்கொண்டிருப்பார்கள், பரவாயில்லை. எமகண்டம் பத்தரை–பன்னிரண்டு. அதில் கடைக்குள் கால் வைக்க அத்தை சம்மதிக்க மாட்டார். அதனால் வீட்டுக்கு வந்து, குளித்து, ஒரு மணி நேரம் படுத்து, பதினொன்றரைக்கே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். பன்னிரண்டே காலுக்குக் கடை. வாரநாள் மதியம் என்பதால் விற்பனையாளருக்கும் நேரம் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் அதே கடையில் நீங்கள் கேட்டால்கூடத் தண்ணீர் வராது.

பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் மாம்பலம், ஐந்து ரூபாய். மாம்பலத்தில் இறங்கியதும் ரங்கநாதன் தெருவுக்குள் விழாமல் மேலே ஆகாய நடைபாதையில் ஏறிவிடுங்கள். 2023 மே மாதம் திறந்தது, ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பஸ் ஸ்டாண்டு வரை போகிறது, லிஃப்டும் எஸ்கலேட்டரும் உண்டு. நம்மில் பலர் அதைக் கீழே இருந்து பார்த்ததோடு சரி. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் வழி. ரங்கநாதன் தெருவை மேலே இருந்து வேடிக்கை பார்ப்பதே ஒரு காட்சி.

கடைக்குள் போனதும் முதலில் சொல்ல வேண்டியது தொகை. "முப்பதுக்கு மேல் எதையும் விரிக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். ஐம்பதாயிரம் சேலையை ஒருமுறை தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டால், அதன்பின் முப்பதாயிரம் சேலை எல்லாம் சாயம் போனது மாதிரிதான் தெரியும். விற்பனையாளருக்கு இது தெரியும். அது அவர் தொழில், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது, ஜரிகை. சில்க் மார்க் முத்திரை இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அந்த முத்திரை சொல்வது நூல் சுத்தப் பட்டு என்பதை மட்டும். ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. மற்றவை எல்லாம் பார்வைக்குத்தான் அப்படி இருக்கும். அசல் இல்லாத ஜரிகைச் சேலை வாங்குவதில் தப்பில்லை, கனம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் எந்த ஜரிகைக்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். "என்ன ஜரிகை என்று பில்லில் எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த சேலையைப் பாருங்கள்.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். ஊர்ப் பந்தலில் காலை முகூர்த்தத்தில் அந்த வெளிச்சத்தில்தான் அதைப் பார்க்கப் போகிறோம். மாற்றித் தருவார்களா, எத்தனை நாளைக்குள் என்று கேட்டுப் பில்லை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போன பிறகு மாற்ற வேண்டும் என்றால் அலையப்போவது சென்னையில் இருக்கிற நாம்தான். ரவிக்கையை இங்கே தைக்கக் கொடுக்காதீர்கள். அளவு தெரிந்த தையல்காரர் ஊரில் இருக்கிறார்.

கடைசியாக, சேலையைத் தேர்ந்தெடுப்பது கல்யாணப் பெண். அத்தை என்கிற முறையில் எனக்கும் ஒரு கருத்து இருக்கும். அதைக் கேட்டால் சொல்லலாம்.

இப்போது சுற்றிப்பார்ப்பது. இதை ஏன் இவ்வளவு கணக்காகத் திட்டமிடுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் என் பெரியப்பா, இன்னொரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வந்த ஏழெட்டுப் பேரோடு சென்னை வந்தார். மூன்று நாள் இருந்தார்கள். அந்தப் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது, "மெட்ராஸ்ல என்னென்ன பாத்தீங்க பெரியப்பா?" என்று கேட்டேன். "பையப் பாத்துக்கிட்டு இருந்தேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். ஒவ்வொரு கடை வாசலிலும் படிக்கட்டில் உட்கார வைத்து, வாங்கின பைகளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போயிருக்கிறார்கள். கடலைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சென்னைக்கு வரவே இல்லை, இப்போது அவர் இல்லை.

அதனால் இந்த முறை மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போனில் கேட்டேன். எல்லாரையும் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டால் "உனக்கு எது சவுகரியமோ அப்படிச் செய்" என்றுதான் பதில் வரும். ஆளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்றேன்.

அத்தை யோசிக்கவே இல்லை. கடல். எங்கள் ஊருக்கு மேற்கே மலை ஒட்டி நிற்கிறது. சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், தண்ணீருக்குள்ளிருந்து சூரியன் வருவதை அவர் பார்த்ததே இல்லை. டிசம்பர் நடுவில் இங்கே உதயம் ஆறு இருபது வாக்கில். மணலில் அவரால் நடக்க முடியாதே என்று நினைக்காதீர்கள். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை போட்டிருக்கிறார்கள், கிட்டத்தட்ட அலை வரை போகும். 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் முட்டி வலிக்காரர்களுக்கும் அந்தப் பாதையைப் போல ஒரு உபகாரம் இல்லை. இளவட்டங்கள் செல்ஃபி எடுக்க அதில் வழிமறித்து நிற்பதைப் பார்த்தால் கொஞ்சம் சத்தம் போட்டுச் சொல்லுங்கள்.

கல்யாணப் பெண் கேட்டது எனக்கு ஆச்சரியம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். அவள் குரூப் 4 பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத் தோழிகளோடு போய்ப் பார்த்திருக்கிறாள், அதிலிருந்து இதையும் பார்க்க வேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்குப் பிறகும் பரீட்சை எழுதுவேன் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாயிற்றாம். நான் மால் ஒன்றுக்குக் கூட்டிப்போக நினைத்திருந்தேன். இது செலவில்லாதது, உட்கார இடமும் உண்டு.

மதினிதான் கடினம். "எனக்கென்ன, நீங்க கூட்டிட்டுப் போற எடம்" என்றார். இரண்டாம் முறை போன் செய்தபோதுதான் மெதுவாகச் சொன்னார், பூமிக்கு அடியில் போகிற ரயிலில் ஒருமுறை ஏற வேண்டுமாம். அது எவ்வளவு சுலபம் பாருங்கள்! சென்ட்ரலில் இறங்கி நேரே மெட்ரோவுக்குள் போனால் நங்கநல்லூர் சாலை வரை ஒரே வண்டி, மாற வேண்டாம். சைதாப்பேட்டை வரை அடியில் வந்து சின்னமலையில் வெளிச்சத்துக்கு ஏறும். ஜன்னல் பக்கம் மதினியை உட்கார வைத்துவிட வேண்டும். ஊரிலிருந்து வந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒருவருடைய ஆசை முடிந்தது.

இந்த மூன்றையும் வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சுற்றி அடுக்கினேன். செவ்வாய் அதிகாலை நாலரைக்கு ஆட்டோ. முதலில் மயிலாப்பூர் கபாலீசுவரர். பாபநாசம் சிவன் காலத்திலிருந்து வருகிற மாடவீதி பஜனையைக் கேட்டுவிட்டு, ஆறு மணிக்குள் மெரினா. பிறகு மயிலாப்பூரிலேயே டிபன். பத்து மணிக்கு வீடு, தூக்கம். மதியம் சபா. மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட் விலையும் கூட்டமும். மதியம் இளம் வித்வான்கள் பாடுகிற கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே இல்லை. ஏசி அரங்கு, நல்ல நாற்காலி, அத்தை தூங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கேன்டீன் சாப்பாட்டுக்குப் பாட்டுத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்று அதோடு சரி.

செவ்வாய்க்கிழமை வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கோ தட்சிணசித்ராவுக்கோ கிளம்பிவிடாதீர்கள், இரண்டுக்கும் அன்று விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. வாசல் வரை போய்த் திரும்பி வருகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களாக இருந்தால் எழும்பூரை விடாதீர்கள். அந்த வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் நின்றாலே வந்த காசுக்குச் சரி. பிள்ளைகளோடு ஜனவரியில் வருகிறவர்களுக்கு நந்தனம் புத்தகக் காட்சி, அதுவும் நம் மெட்ரோ வழியிலேயே.

புதன் காலை நூலகம். திரும்பும்போது பாண்டி பஜார் நடைபாதையில் வளையல், பொட்டு, அண்ணன் பையனுக்கு ஏதாவது. சின்னச் சின்ன சாமான்களை முதல் நாளே வாங்க ஆரம்பித்தால் பட்டுக்கு வைத்த காசு அதில் கரையும். அதனால்தான் கடைசி நாள். நாலு மணிக்கு வீடு, மூட்டை கட்டுதல், ஏழரைக்குச் சாப்பாடு, எட்டரைக்கு மெட்ரோ. பட்டுச் சேலையைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில், மதினி தலைமாட்டில். மாமல்லபுரம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போகவில்லை. இரவு ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை டிராஃபிக்கை நம்ப என்னால் முடியாது.

மழை வந்தால்? 11-ஆம் தேதியிலிருந்து வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாதாரண மழை என்றால் மெட்ரோவும் சபாவும் நூலகமும் கூரைக்கு அடியில்தான் இருக்கின்றன. கடலை மட்டும் செவ்வாயிலிருந்து புதனுக்குத் தள்ளலாம். புயல் எச்சரிக்கை என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, மதுரையில் சேலை எடுக்க நான் அங்கே போவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அப்படி ஆனால் கல்யாணம் முடிந்து மாசியில் அத்தையை மட்டும் கூட்டிவந்து கடலைக் காட்டுவேன்.

நம் கட்டடத்து விஷயம் இரண்டு. விருந்தாளிகள் பெயரை முதல் நாளே கேட்டில் பதிந்து வையுங்கள். ரயிலில் வந்து இறங்கின வயதானவர்களைச் செக்யூரிட்டி நிற்க வைத்துப் போன் நம்பர் கேட்பது நன்றாக இல்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, நாம் கொடுத்த விதியைத்தான் அவர் செய்கிறார். கார் கொண்டுவருகிறவர்களுக்கு விருந்தினர் பார்க்கிங் நான்குதான் இருக்கிறது, ஒரே வீட்டுக்கு இரண்டு வேண்டாம்.

அப்புறம், 15 முதல் 17 வரை பி பிளாக் லிஃப்டைப் பராமரிப்புக்கு என்று நிறுத்த வேண்டாம், செயலாளர் சார். நான் இருப்பது மூன்றாவது மாடி. காபி வந்துவிட்டது.